வெள்ளைத் தூசி, சாம்பல் தூசி, செந்தூசி: ஓய்வுபெற்ற கட்டுமானத் தொழிலாளி ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் பெரியவர் ஒரே ஆள் இல்லை. முதியோர் மருத்துவத்திலும் தொழில்சார் நோய் மருத்துவத்திலும் அடிக்கடி எதிர்ப்படும் அம்சங்களைச் சேர்த்து, பயிற்சிக்காக எழுதிய மாதிரி நிகழ்வு இது. அவருடைய அளவீடுகள் இப்படிப்பட்ட நோயாளியிடம் எதிர்பார்க்கக்கூடியவை. நோய்கள், ஆய்வுகள், விதிகள் பற்றிச் சொல்லப்படுபவை பொதுப் பதிவில் உள்ளவை.

வந்த காரணம்

வயது 71. மகள் அழைத்து வந்திருந்தார். பரிந்துரைக் கடிதத்தில் மூன்று வரி: மறதிநோய்ச் சந்தேகம், மனச்சோர்வு, பழைய புகைப்பழக்கத்தால் வந்த நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி. தொழில் என்ற கட்டத்தில் ‘ஓய்வுபெற்றவர்’ என்று இருந்தது. எதிலிருந்து ஓய்வு என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை.

“அப்பா பேச்சையே குறைச்சுட்டாங்க டாக்டர். ஒண்ணு கேட்டா வேற ஒண்ணு சொல்றாங்க. பேரனைக் கூட்டிட்டு வரப் பள்ளிக்கூடம் போறதையும் விட்டாச்சு. முன்னெல்லாம் அவன்னா அப்படி ஓடுவாங்க” என்றார் மகள். பெரியவர் சிரித்த முகமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். புரிந்துதான் ஆட்டுகிறாரா, மரியாதைக்கு ஆட்டுகிறாரா என்பது முதலில் பிடிபடவில்லை.

புகைப்பழக்கக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். நாளுக்குப் பத்து, எட்டு ஆண்டு. மகள் பிறந்த வருடத்தோடு விட்டுவிட்டார். மருத்துவக் கணக்கில் அது 4 பேக்-ஆண்டு (நாளுக்கு இருபது வீதம் ஓராண்டு புகைத்தால் ஒரு பேக்-ஆண்டு). விட்டு 38 ஆண்டுகள் ஆகிவிட்ட ஒருவருக்கு, மாடிப்படியில் பாதியில் நிற்க வைக்கும் மூச்சிரைப்பு அந்தப் புகையால் மட்டும் வருவது அரிது. ஆனால் ‘முன்னாள் புகைப்பழக்கம்’ என்ற சொல் கோப்பில் ஏறியதும் காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி எல்லோருக்கும் வந்துவிட்டது. அதற்குமேல் யாரும் துருவவில்லை.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700-இல், நோயாளியிடம் கேட்கும் வழக்கமான கேள்விகளோடு அவருடைய வேலை என்ன என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொன்னார். அந்தக் கட்டம் இன்று எல்லாப் படிவத்திலும் இருக்கிறது; நிரப்பும் விதத்தில்தான் கோளாறு. வயதானவருக்கு ‘ஓய்வு’ என்று எழுதிவிட்டால் 47 ஆண்டு உழைப்பு படிவத்தை விட்டே போய்விடுகிறது.

வேலையைக் கேட்டது

சத்தமில்லாத அறை. முகத்துக்கு நேரே நாற்காலி. மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மனைவியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். “ஐயா, காலையில சைட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க? அங்கேருந்து சொல்லுங்க” என்று தொடங்கியதுதான். பேச்சையே விட்டுவிட்டார் என்று சொல்லப்பட்டவரை அதற்குப் பிறகு நிறுத்துவதுதான் சிரமமாக இருந்தது. சாரம், கலவை, நூல் பிடிப்பது, தூக்குக்குண்டு விடுவது, மணல் சலிக்கும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது வரை எல்லாம் வரிசையாக வந்தன. அவருடைய மௌனம் எல்லா இடத்துக்குமான மௌனம் இல்லை என்பது நோயறிதலின் முதல் துப்பு.

ஆண்டு கேட்டால் அவருக்கு வரவில்லை. “மூத்தவன் தவழ்ந்துக்கிட்டு இருந்தப்ப”, “பொண்ணு ஆறாவது சேர்ந்த வருஷம்” என்று பிள்ளைகளின் வயதை வைத்தே ஒவ்வொரு வேலையிடமும் நினைவில் இருந்தது. பல ஒப்பந்ததாரர்களிடம் மாறி மாறி வேலை பார்த்தவரிடம் சம்பளச் சீட்டோ பணிச் சான்றோ இருக்கப் போவதில்லை. குடும்பத்தின் காலவரிசைதான் அவருடைய பணிப் பதிவேடு.

அதைவிடத் துல்லியமான பதிவேடு மனைவியிடம் இருந்தது. வேலையிடங்களின் பெயர் அவருக்குத் தெரியாது, துணி தெரியும். “முதல்ல செங்கல் காலம், சட்டை செவப்பாத்தான் வரும். அப்புறம் சாம்பல். பொண்ணு ஆறாவது போனதுலேருந்து மாவு மாதிரி வெள்ளை. உதறினா எனக்கே தும்மல் வரும்.”

இருவர் சொன்னதையும் சேர்த்து வைத்தபோது கிடைத்த படம் இது. 16 வயதில் சித்தாள் வேலை: மணல் சலிப்பது, கலவை சுமப்பது, கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தகடுகளைக் கைரம்பத்தால் அறுப்பது. 20 முதல் 43 வரை கொத்தனார். 43 முதல் 55 வரை பழைய கட்டடங்களை உடைத்துப் புதுப்பிக்கும் வேலை: பிரேக்கர் மெஷின், டிரில், தரைக்கல் வெட்டும் கட்டிங் மெஷின், பழைய கூரைத் தகடுகளை உடைத்து இறக்குவது. 55 முதல் 63 வரை மேஸ்திரி. மேஸ்திரி ஆனதும் தூசி குறைந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். கேட்டோம். ஓரக்கல் வெட்டுவதை மட்டும் கடைசிவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லையாம். “பசங்க வெட்டினா ஓரம் உதிரும்.”

வேலை வரலாற்றில் அந்த மூன்று நிறங்களுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு. செங்கல் தூசியிலும் மணலிலும் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா இருக்கிறது. சாம்பல் நிறச் சிமென்ட் நுரையீரலைவிடத் தோலைத்தான் அதிகம் தாக்கும். ஈரச் சிமென்டின் காரத்தன்மை பிஎச் 12-ஐத் தாண்டும், அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் ஒவ்வாமைப் புண்ணை உண்டாக்கும். வெள்ளைத் தூசிதான் எங்களைக் கவலைப்பட வைத்தது. கல்லையும் கான்கிரீட்டையும் இயந்திரத்தால் தண்ணீர் விடாமல் வெட்டும்போது எழும் தூசியில் நுரையீரலின் காற்றறைவரை போகும் நுண்துகள் மிக அதிகம். அந்த நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது. சட்டையில் படிந்து தெரிவது பெரிய துகள். அது அவ்வளவு இருந்தால் மற்றது எவ்வளவு இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

தண்ணீர் ஏன் விடவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில் வெட்கமோ குற்ற உணர்ச்சியோ இல்லை. “வறவறன்னு வெட்டினா சீக்கிரம் முடியும். சேறும் ஆகாது. வீட்டுக்காரங்க குடியிருக்கிற வீட்டுக்குள்ள சேறு பண்ண முடியுமா?”

இரைச்சலுக்கு ஒரு எளிய கேள்வி போதும்: கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்ததா? இருந்ததென்றால் இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை என்பது அமெரிக்காவின் தேசியத் தொழில்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். அதை அவர் பன்னிரண்டு ஆண்டு, அரைநாள் கணக்கில் பிடித்திருக்கிறார். காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. வைத்தால் மேலேயிருந்து யாராவது கத்தினால் கேட்காதே என்றார். அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது.

குடும்பம்

மனைவிக்கு 66. மகன் 41, கல் வெட்டும் பட்டறையில் வேலை. மகள் 38. பேரனுக்கு 7. பெரியவரும் மனைவியும் மகளோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீடு அவர் கையால் கட்டியது.

“அப்பா குடும்பத்துக்காகவே வாழ்ந்தவங்க” என்றார் மகள். எல்லா மகளும் சொல்வதுதான் என்று கடந்துவிடாமல், அதையும் ஒரு மருத்துவத் தகவலாகக் குறித்துக்கொண்டோம். அப்படி வாழ்ந்தவர் அன்றாடத்தில் என்ன செய்தார் என்று கேட்டால் விவரம் வேறாக வருகிறது. 36 வயதிலிருந்து 42 வரை விடுமுறை நாள் அத்தனையும் சொந்த வீட்டுச் சுவரில் போயிருக்கிறது. நுரையீரல் ஒரு நாள்கூடத் தூசியிலிருந்து ஓய்வெடுக்கவில்லை. மகன் பத்து வயதில் அந்தச் சுவருக்கு நூல் பிடித்திருக்கிறான். வேலையைக் கற்றுக்கொண்டதே அங்கேதான்.

உடல் நோவை வீட்டில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. சொன்னால் மறுநாள் வேலைக்கு விடமாட்டார்கள். முட்டிவலி என்பார், அதுவும் பேரனை அழைத்துவரப் போகாததற்குக் காரணம் கேட்டபோதுதான். உண்மையில் சாலையில் பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்கவில்லை. ஒருநாள் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றுவிட்டிருக்கிறார். அன்றோடு போவதை நிறுத்தினார். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்ததும் விலகிக்கொண்டது அவர் பொறுப்பு. குடும்பத்துக்கு அது ‘ஆர்வக் குறைவு’ என்று தெரிந்தது. மருத்துவக் கோப்பில் மனச்சோர்வின் அறிகுறியாக ஏறியது.

படிக்கட்டுக் கதை இதைவிடச் சுவையானது. மாடி ஏறும்போது பாதியில் நின்று சுவரைத் தடவிப் பார்ப்பாராம். “பூச்சு எப்படி இருக்குன்னு பார்ப்பாங்க, பழக்கம் போகலை” என்று மகள் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. ஆறு நிமிட நடைச் சோதனையில், தாழ்வாரத்தின் நடுவில், அவர் நின்று தரைக்கல்லின் இணைப்பைக் குனிந்து பார்த்தார். விரலில் மாட்டியிருந்த கருவி ஆக்சிஜன் அளவை 89 என்று காட்டியது.

உடற்பரிசோதனை

ஆறு நிமிடத்தில் 318 மீட்டர். ஓய்வில் ஆக்சிஜன் 95 விழுக்காடு. மூச்சுத்திறன் சோதனையில் எஃப்இவி1, அதாவது முதல் நொடியில் ஊதும் காற்று, எதிர்பார்க்கும் அளவில் 64 விழுக்காடு; எஃப்விசி, அதாவது முழு மூச்சில் ஊதும் மொத்தக் காற்று, 78 விழுக்காடு. இரண்டின் விகிதம் 0.63. வாயுப் பரிமாற்றத் திறன் 61 விழுக்காடு. மூச்சுக்குழாய் அடைப்போடு நுரையீரல் திசுவிலும் சேதம் இருக்கிறது என்று இதற்குப் பொருள்.

மார்பு எக்ஸ்ரேயில் இரு நுரையீரலின் மேற்பகுதிகளிலும் சிறு வட்ட முடிச்சுகள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் எக்ஸ்ரே வகைப்பாட்டில் 1/2, க்யூ வகை; அதாவது குறைந்த அடர்த்தி, நடுத்தர அளவு முடிச்சுகள். உதரவிதானத்தின் மேல் இருபுறமும் சுண்ணாம்பு படிந்த தகடுகள். முடிச்சுகள் சிலிக்காவின் வேலை, தகடுகள் ஆஸ்பெஸ்டாஸின் தடயம். சிடி ஸ்கேன் இரண்டையும் உறுதிசெய்தது. பெரிய கட்டிகளாகத் திரண்ட நார்த்திசு இல்லை. இதே முடிச்சுகளைக் காசநோயின் தழும்பு என்று படிப்பது எளிது, படிக்கவும் படுகிறது. காசநோய்க்கான இரத்தச் சோதனை இவருக்கு நேர்மறை. சளி வளர்ப்பில் கிருமி இல்லை. அதாவது உறங்குநிலைத் தொற்று. சிலிகோசிஸ், அதாவது சிலிக்கா தூசியால் வரும் இந்த நுரையீரல் நோய், உள்ளவருக்கு அது எழுந்துகொள்ளும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. இவர்களைத் தேடிச் சோதித்துச் சிகிச்சை தரவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது.

கைகளைப் பார்ப்பதை நாங்கள் எப்போதும் கடைசிக்கு விடுவதில்லை. குளிர்ந்த நீரில் கைவைத்தால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வெளுக்கும் என்றார். தொடு உணர்வு மங்கியிருந்தது, பிடி தளர்ந்திருந்தது. பொத்தான் வைத்த சட்டையை விட்டுவிட்டார். வீட்டில் அதை வயதுக்கேற்ற எளிமை என்று எடுத்துக்கொண்டார்கள். அதிர்வுக் கருவிகளால் வரும் இந்தக் கைநோயை 1918-இலேயே இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்ட் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்து பதிவு செய்தார். ஐரோப்பிய ஒன்றியம் கைகளுக்கான அதிர்வு வரம்பை 2002-இல் வகுத்தது: எட்டு மணி நேரச் சராசரியில் 5 மீட்டர்/நொடி², 2.5-லேயே நடவடிக்கை தொடங்க வேண்டும்.

இன்னொரு கண்டுபிடிப்பு வீட்டுக்குள் சின்னச் சலசலப்பை உண்டாக்கியது. இடது குதிகால் எலும்பில் பழைய முறிவு. முதல் இடுப்பு முதுகெலும்பு முன்பக்கம் நசுங்கியிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து காணப்பட்டால் உயரத்திலிருந்து காலூன்றி விழுந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். மனைவிக்குத் தெரிந்த கதை வேறு: 38 வயதில் வண்டியிலிருந்து இறங்கும்போது கால் பிசகியது. சாரத்திலிருந்து விழுந்ததை 33 ஆண்டு கழித்து அந்த அறையில்தான் அவர் ஒப்புக்கொண்டார். “சொன்னா நீ சாரம் ஏற விடுவியா?” மனைவி பதில் சொல்லவில்லை; அன்று முழுவதும் அவரோடு பேசவுமில்லை என்று மகள் பிறகு சொன்னார்.

மறதியா?

செவித்திறன் வரைபடம் (டெசிபல் எண் கூடக்கூடக் கேட்பது குறைவு என்று பொருள்): 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், 1,000-இல் 30, 2,000-இல் 50, 4,000-இல் 75, 8,000-இல் 65. இரு காதிலும் ஏறக்குறைய இதே வடிவம். 4,000-ஐ ஒட்டிய பள்ளம் இரைச்சலின் முத்திரை. வயதாலும் காது மந்தமாகும், ஆனால் அப்போது 8,000 இதைவிட மோசமாக இருக்கும்.

உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக வருகின்றன. ச, ஸ, த போன்ற ஒலிகளைப் பிரித்தறிய வேண்டிய தடயம் உயர் அதிர்வெண்ணில் மெல்லியதாக வருகிறது. அதனால் இவருக்குப் பேச்சு கேட்கும், சொல் விளங்காது. தொலைக்காட்சி ஓடும் கூடத்தில், பேரனின் கீச்சுக் குரலில், ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வார். நாலு முறை இப்படி நடந்தால் எவரும் வாயைத் திறக்கமாட்டார். எதிரில் யாராவது பேசினால் சிரித்துத் தலையாட்டிவிடுவது பாதுகாப்பு.

முந்தைய இடத்தில், நினைவையும் சிந்தனையையும் அளக்கும் மோகா சோதனையில் 30-க்கு 18 எடுத்திருந்தார். அந்தச் சோதனையின் கணிசமான பகுதி வாயால் சொல்லிக் கேட்பது. ஒலிபெருக்கிக் கருவியை மாட்டி, அதே சோதனையின் மாற்றுப் படிவத்தை வைத்துத் திரும்பச் செய்தோம்: 24. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவருக்கு 24 மோசமில்லை. கனசதுரத்தைப் பார்த்து வரைவதில் மட்டும் தடுமாறினார். கை எழுத்துக்கோலைப் பிடிக்கவில்லை என்பதையும், தாளில் வரைந்து பழகாத கை என்பதையும் கழித்துவிட்டுத்தான் அந்த மதிப்பெண்ணைப் படிக்க வேண்டும். மூலைமட்டம் இல்லாமல் சுவரின் மூலையைச் செங்கோணமாக எடுப்பது எப்படி என்று கேட்டேன். “ஒரு பக்கம் மூணு, இன்னொரு பக்கம் நாலு, குறுக்கே அஞ்சு வரணும், வரலைன்னா நூலைத் தள்ளு” என்று நொடியில் சொன்னார். படிக்கட்டுக்கு இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் கூட்டினால் 60 முதல் 64 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்ற கணக்கும் கையில் இருந்தது. என் கணிப்பில், மறதிநோய் என்று முத்திரை குத்த இது ஆள் இல்லை.

அதற்காக அந்தக் கோப்பை மூடிவிடவும் முடியாது. லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு மறதிநோயின் தவிர்க்கக்கூடிய காரணிகளில் செவித்திறன் இழப்பை 2017 முதல் தொடர்ந்து சேர்த்துவருகிறது. 2023-இல் வெளியான அச்சீவ் என்னும் சோதனையில், கேள்கருவி கொடுத்ததால் பங்கேற்றோர் அனைவரிலும் அறிவாற்றல் சரிவு குறைந்ததாகத் தெரியவில்லை. அபாயம் கூடிய பிரிவினரிடம் மட்டும் மூன்று ஆண்டுகளில் சரிவு 48 விழுக்காடு குறைந்தது. எனவே கேள்கருவி அவசியம். ஆனால் அதை மறதிக்கு மருந்தென்று வாக்களிக்க முடியாது.

மனச்சோர்வு அளவுகோலில் 15-க்கு 6. இருக்கிறது, லேசாக. அவர் ‘ஆம்’ என்ற கேள்விகளை வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் பயனற்றவனாகிவிட்டேன் என்ற உணர்வைச் சுற்றியே இருந்தன.

சொல்வதா, விடுவதா

குழுவுக்குள் ஒத்த கருத்து வராத இடம் இது. நுரையீரலில் ஆஸ்பெஸ்டாஸ் தடயம் இருப்பதை அவரிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். வந்தது. “இவதான துணியெல்லாம் துவைச்சா. அப்ப நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேனா?”

கேள்விக்கு அடிப்படை இருக்கிறது. 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் உடன் ஆய்ந்தவர்களும், ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்கே மீசோதீலியோமா என்னும் நுரையீரல் உறைப் புற்றுநோய் வந்திருப்பதைக் காட்டினார்கள். 1965-இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், தொழிற்சாலைக்குள் காலே வைக்காமல், தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்ததால் நோய் வந்தவர்கள் இருந்தார்கள்; வேலைத்துணியைத் துவைத்த மனைவியர் அதில் அடக்கம். நோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டு ஆகலாம். இவர் கூரைத் தகடுகளை உடைக்கத் தொடங்கி 28 ஆண்டு ஆகிறது.

ஒரு தரப்பு, மனைவிக்கு அறிகுறியே இல்லாதபோது இந்தச் சுமையை ஏன் ஏற்ற வேண்டும் என்றது. குறித்த காலத்தில் படமெடுத்துப் பார்த்து உயிர்காக்கும் பரிசோதனை என்று நிறுவப்பட்டது எதுவும் இல்லை என்பதும் உண்மை. என் கட்சி வேறு. கேட்டுவிட்டவரிடம் மழுப்பினால் அவர் மனத்தில் அதைவிடப் பெரிய பூதம் எழும். சொன்னோம்: கொஞ்சம் வந்திருக்கும். அதனால் நோய் வரும் வாய்ப்பு குறைவு. மார்பு வலி, புதிதாக மூச்சிரைப்பு, காரணமில்லாத எடைக் குறைவு என்றால் துணி துவைத்த கதையை முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உடைமாற்றும் அறையும் குளிக்க இடமும் வேலையிடத்தில் இருந்திருக்க வேண்டும். அதை ஏற்பாடு செய்வது தொழிலாளியின் பொறுப்பில் வருவதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1986-ஆம் ஆண்டு ஆஸ்பெஸ்டாஸ் உடன்படிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது: வேலைத்துணியை முதலாளிதான் தர வேண்டும், அதை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது.

மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “துவைக்கலைன்னா மறுநாளு எதைப் போட்டுக்கிட்டுப் போவாரு?”

மகன்

கேள்விகள் பெரியவரோடு நிற்கவில்லை. மகன் 15 ஆண்டாகச் சமையல் மேடைக் கற்களை வெட்டுகிறார். இயற்கைக் கருங்கல்லில் சிலிக்கா சுமார் 30 விழுக்காடு. பிசின் சேர்த்துச் செய்யும் செயற்கைக் கல்லில் 90-ஐத் தாண்டுவதும் உண்டு. தந்தைக்கு முப்பது நாற்பது ஆண்டில் வந்தது, இந்தக் கல்லை வறட்டு வெட்டாக வெட்டுபவர்களுக்குப் பத்து ஆண்டுக்குள் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல்லையே தடைசெய்தது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் படிக சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் வைத்தது. அமெரிக்கக் கட்டுமானத் துறைக்கான 2016 விதியில் வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம்.

இதையெல்லாம் மகனிடம் நாங்கள் சொன்னபோது, முகக்கவசம் போடுவதாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அவர் சொன்னது சாதாரணத் துணிக்கவசம். அடுத்த முறை தந்தையையும் வைத்துக்கொண்டு பேசினோம். பெரியவர் எக்ஸ்ரே படத்தை வாங்கி விளக்கில் காட்டி, “இது நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த வேலைடா. வறட்டு வெட்டும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்ப தண்ணி விட்டு வெட்டுன்னு சொல்றேன்” என்றார். வேறு எவர் சொல்லியும் எடுபட்டிருக்காது என்றே நினைக்கிறேன். மகனின் மூச்சுத்திறனும் எக்ஸ்ரேயும் இயல்பு. எக்ஸ்ரே இயல்பாக இருப்பதாலேயே ஆரம்பநிலை சிலிகோசிஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதால் சிடி ஸ்கேனும் எழுதிக்கொடுத்தோம்.

செய்தவை

சிலிகோசிஸைப் பின்னுக்குத் திருப்பும் மருந்து கிடையாது. தூசியை விட்டு வந்த பிறகும் அது வளரக்கூடும். செய்யக்கூடியவற்றைச் செய்தோம். மூச்சுக்குழாயை விரிக்கும் உறிஞ்சு மருந்து. இன்ஃப்ளுயன்சா, நியூமோகாக்கஸ் தடுப்பூசிகள். உறங்குநிலைக் காசநோய்க்கு வாரம் ஒரு வேளையாக ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும், 12 வாரம். எட்டு வாரம் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி.

கேள்கருவியில் எதிர்பாராத சிக்கல். காதுக்குள் பொருத்தும் சின்னக் கருவியின் மின்கலத்தை உணர்விழந்த விரல்களால் மாற்ற முடியவில்லை. காதுநோயைக் கைநோய் தோற்கடித்துவிட்டது. காதுக்குப் பின்னால் மாட்டும், மின்னேற்றம் செய்யும் வகைக்கு மாறினோம். மாட்டிவிட மனைவி கற்றுக்கொண்டார். குடும்பத்துக்கும் பாடம் எடுத்தோம்: பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள், கத்த வேண்டாம்.

வீட்டில் கைப்பிடிக் கம்பி பொருத்தலாம் என்றதும் முகம் சுருங்கியது. எழுந்து நடந்து திரும்பி உட்காரும் சோதனையில் அவருக்கு 15 நொடி. 12 நொடிக்கு மேல் ஆனாலே விழும் அபாயம் என்று கொள்வது வழக்கம். கம்பி வேண்டும். செயல்முறைச் சிகிச்சையாளர் அளவு நாடாவை அவர் கையில் கொடுத்து, எந்த உயரம், எந்தச் சுவர் தாங்கும் என்று குறித்துத்தரச் சொன்னார். மறுமுறை வரும்போது சுவர் வரைபடமே வந்தது. எங்கள் வரைபடத்தில் கம்பி காட்டியிருந்த ஓர் இடம் வெறும் பூச்சுச் சுவர், ஆணி நிற்காது என்று அடித்துத் திருத்தியிருந்தார்.

மனச்சோர்வுக்கு முதலில் மருந்து கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அளவுகோல் 3 காட்டியது. காது கேட்டதாலா, மூச்சு தேறியதாலா, மகனின் பட்டறைக்கு வாரம் இருமுறை போய் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீர்க்குழாயைக் கண்காணிப்பதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூசி பறக்கும் நேரத்தில் உள்ளே போவதில்லை என்ற ஒப்பந்தத்தின்மேல்தான் அனுமதித்தோம்.

இப்போதைய நிலை

ஆறு நிமிட நடை 362 மீட்டர். 30 மீட்டர் கூடினாலே பொருள்படும் முன்னேற்றம் என்று கொள்வார்கள். படிக்கட்டில் இன்னும் நிற்கிறார். மூச்சு வாங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்கிறார். பேரனை அழைத்துவர மனைவியும் கூடப் போகிறார். மோகா மதிப்பெண் அதே 24. அடுத்த சோதனை ஆறு மாதத்தில். எக்ஸ்ரே ஆண்டுக்கு ஒருமுறை, முடிச்சுகள் திரள்கின்றனவா என்று பார்க்க.

தொழில்நோய் இழப்பீட்டு விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. சிலிகோசிஸ், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, அதிர்வுக் கைநோய் மூன்றுமே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2010-ஆம் ஆண்டுத் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளவை. நோயில் தகராறு இல்லை, பணிச் சான்று கேட்கிறார்கள். கூட வேலை பார்த்த இருவரின் உறுதிமொழியையும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆண்டுகளோடு பொருத்தி எழுதிய வேலைவரிசையையும், துணியின் நிறம் பற்றிய மனைவியின் வாக்குமூலத்தையும் இணைத்து மறுபடி அனுப்பியிருக்கிறோம். மகனின் சிடி ஸ்கேன் அடுத்த மாதம்.